குட்டைக்கு முன்னால் வரப்பு

தஞ்சாவூர் மாவட்டத்து வல்லம், ஒரத்தநாடு பக்கத்துச் செம்மண் மேட்டு நிலத்தில் மழைநீரைச் சேமிக்கப் பண்ணைக்குட்டை (வயலிலேயே வெட்டும் சிறு குளம்) வெட்டினாலே போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு ஏக்கரில் 10 மி.மீ. மழை பெய்தாலே சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். அதை விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் இறக்குவதுதான் முதல் வேலை. மிஞ்சுவது குட்டைக்குப் போகட்டும்.

அதற்குத் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் வரப்பு வேண்டும்; அது சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில் வரவேண்டும். கண் மதிப்பில் போட்டால் கண்டிப்பாகத் தப்பும். கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவலே (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பும் கண்ணாடி போன்ற குழாய்) போதும்: இரு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும் இடங்களில் முளைக்குச்சி அடித்துக்கொண்டே போங்கள். குழாய்க்குள் காற்றுக்குமிழி சிக்கினால் மட்டம் தவறாகக் காட்டும். நிரப்பும்போதே தட்டித் தட்டி வெளியேற்றிவிடுங்கள்.

வரப்பு பெரும்பாலும் உடைவது மழைநீர் ஓடிய பழைய வாரித்தடத்தைக் கடக்கும் இடத்தில்தான். அங்கே மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, லேசாக நனைத்து, திமிசு (மண் இடிக்கும் கட்டை) போட்டு இறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டிய மண் பிறகு அமுங்கித் தாழ்ந்துவிடும். ஐப்பசி அடைமழையில் தண்ணீர் அதன்மேல் வழிந்து அறுத்துக்கொண்டு போகும். உபரி நீர் வெளியேற, வரப்பின் உச்சியைவிட அரையடி தாழ்வாகக் கல் பரப்பிய வடிகால் கட்டாயம். எலி வளைகளைப் புரட்டாசியிலேயே அடையுங்கள்.

குட்டைக்குள் தண்ணீர் நுழையும் வாய்க்கு முன்னால் வண்டல் பிடிக்க ஒரு சிறு குழி எடுங்கள். அதை ஆண்டுதோறும் வாரி வயலுக்கே கொட்டலாம். குட்டையில் தோண்டிய மண்ணைக் கரை விளிம்பில் குவிக்க வேண்டாம், முதல் மழையிலேயே உள்ளே சரிந்துவிடும்.