சங்கரலிங்கனார் எந்தக் கட்சி?

சென்னை மாநிலத்துக்குத் "தமிழ்நாடு" என்று பெயர் வைக்கக் கோரி உண்ணாவிரதம் இருந்து இறந்தவர் சங்கரலிங்கனார். அவரைப் பற்றி இங்கே ஒருவர், "சங்கரலிங்கனார் திமுக தொண்டர், 1967-ல் பெயர் மாற்றத்துக்காக உயிர் விட்டார்" என்று எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு. அவர் காந்தியவாதி, காங்கிரஸ்காரர். விருதுநகரில் 1956 ஜூலை 27 அன்று, அதுவும் தன் கட்சியே ஆண்டபோது, உண்ணாவிரதம் தொடங்கினார். அக்டோபர் 13-ல் மதுரை மருத்துவமனையில் உயிர் பிரிந்தது.

கோரிக்கை ஒன்றல்ல, பன்னிரண்டு. "தமிழ்நாடு" என்ற பெயர் மட்டுமில்லை. அரசு ஊழியர் கதர் உடுத்த வேண்டும், ரயிலில் எல்லோருக்கும் ஒரே வகுப்பு வேண்டும் என்றும் கேட்டார். இதையெல்லாம் மறந்துவிடுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

அண்ணா ஆட்சியில் சட்டமன்றத் தீர்மானம் நிறைவேறியது 1967 ஜூலை 18-ல். பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14-ல். தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்துங்கள்.