ஆறு போதும், மாமா

மாப்பிள்ளை: அடுத்த அட்டை. அமெரிக்காவில் குடியேறியிருந்தவர்கள் ஏன் பிரிட்டிஷாரை எதிர்த்துச் சண்டை போட்டார்கள்?

மாமனார்: தேயிலை மலிவாகிவிட்டதால்.

மாப்பிள்ளை: (அட்டையைத் திருப்பிப் பார்த்து) "வரி அதிகம்" என்று போட்டிருக்கிறதே, மாமா.

மாமனார்: வரி இருந்தது. இல்லையென்று யார் சொன்னது? பவுண்டுக்கு மூன்று பென்ஸ். ஆனால் 1773இல் ஒரு சட்டம் போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி நேராகவே அங்கே சரக்கை இறக்கி விற்கலாம் என்று விட்டுவிட்டார்கள். வரியையும் சேர்த்துக் கம்பெனித் தேயிலை, கடத்தல் தேயிலையையே விலையில் அடித்துவிடும். பாஸ்டன் வியாபாரிகளுக்கு வயிறு எரியாதா? டிசம்பர் 16ஆம் தேதி இரவு, மூன்று கப்பல்களில் இருந்த 342 பெட்டிகளையும் உடைத்துக் கடலில் கொட்டிவிட்டார்கள்.

மாப்பிள்ளை: அதிகாரி பெட்டியை எண்ணச் சொல்ல மாட்டார், மாமா. வரி. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாமனார்: கம்பெனி என்றால் எந்தக் கம்பெனி? சென்னையில் கோட்டை கட்டினானே, அதே கம்பெனி.

மாப்பிள்ளை: சரி மாமா. கோட்டையை அங்கேயே விட்டுவிடுங்கள். வியாழக்கிழமை உங்கள் அமெரிக்கக் குடியுரிமை நேர்காணல். நூறு கேள்விகள். அதில் பத்து கேட்பார்கள். ஆறு சரியாகச் சொன்னால் போதும். 2025 அக்டோபர் 20க்கு முன்பே நாம் விண்ணப்பம் போட்டது உங்கள் அதிர்ஷ்டம். அதற்குப் பிறகு போட்டவர்களுக்கு 128 கேள்விகள். இருபது கேட்கிறார்கள், பன்னிரண்டு சரியாக இருக்க வேண்டும்.

மாமனார்: அப்படியானால் இன்னும் கொஞ்சம் தாமதமாகப் போட்டிருக்கலாமே.

(மாப்பிள்ளை பதில் சொல்லாமல் அட்டைகளை மேசையில் தட்டி அடுக்குகிறார். எட்டு வருடங்களுக்கு முன் அவரே எழுதிப் படித்த அட்டைகள். ரப்பர் பேண்டு இறுகி ஓரமெல்லாம் மடங்கியிருக்கிறது. நடுவில் சிலவற்றில் சாம்பார்.)

மாப்பிள்ளை: ஐரோப்பியர் வருவதற்கு முன் அமெரிக்காவில் யார் வாழ்ந்தார்கள்?

மாமனார்: இந்தியர்கள்.

மாப்பிள்ளை: அமெரிக்க இந்தியர்கள்.

மாமனார்: நாம் யார்?

மாப்பிள்ளை: நாம் இந்திய அமெரிக்கர்கள். நீங்கள் வியாழக்கிழமை தேர்ச்சி பெற்றால்.

மாமனார்: எங்கள் தாலுகா அலுவலகத்தில் பெயர்த் திருத்தம் என்று ஒருவன் மனு கொடுத்தால், எவ்வளவு இழுத்தடித்தாலும் மூன்று மாதத்தில் முடித்துவிடுவோம். 1492இல் கொலம்பஸ் போட்ட பெயர்ப் பிழை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாப்பிள்ளை: "அமெரிக்க இந்தியர்கள்" என்று மட்டும் சொல்லுங்கள், மாமா. மனுவைப் பற்றிச் சொல்லாதீர்கள். அடுத்தது, சுதந்திரப் பிரகடனம் எப்போது ஏற்கப்பட்டது?

மாமனார்: எதைக் கேட்கிறார்கள்? பிரிவது என்று தீர்மானம் நிறைவேறிய தேதியா, வாசகத்துக்கு ஒப்புதல் கொடுத்த தேதியா, கையெழுத்துப் போட்ட தேதியா?

மாப்பிள்ளை: பட்டாசு வெடிக்கிற தேதி, மாமா.

மாமனார்: தீர்மானம் 1776 ஜூலை 2. ஜான் ஆடம்ஸ் மறுநாளே மனைவிக்குக் கடிதம் எழுதினார், இனி வரும் தலைமுறைகள் ஜூலை 2ஐத்தான் பெருவிழாவாகக் கொண்டாடும் என்று. வாசகம் ஜூலை 4. பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2. கோப்பில் மூன்று தேதி இருந்தால் மூன்றையும் குறிக்க வேண்டும்.

மாப்பிள்ளை: ஜூலை 4. நான்கு. நான்கு, மாமா.

மாமனார்: அப்படியானால் இந்த நாட்டின் இரண்டாவது ஜனாதிபதியான ஆடம்ஸே இந்தக் கேள்வியில் தோற்றிருப்பார்.

மாப்பிள்ளை: அவர் இங்கேயே பிறந்தவர். அவருக்குத் தேர்வு கிடையாது.

(மாமனார் அவரை உற்றுப் பார்க்கிறார். மாப்பிள்ளை அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை.)

மாப்பிள்ளை: இது எளிது. முதல் ஜனாதிபதி யார்?

மாமனார்: ஜார்ஜ் வாஷிங்டன்.

மாப்பிள்ளை: அருமை! பார்த்தீர்களா? இப்படித்தான். கேட்டார்கள், சொன்னீர்கள், முடிந்தது.

மாமனார்: 1781 அக்டோபர் 19ஆம் தேதி யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் துரை அவரிடம்தான் சரணடைந்தார்.

மாப்பிள்ளை: முடிந்தது என்றேனே, மாமா.

மாமனார்: சரணடைந்தார் என்று சொல்வதுகூடத் தவறு. அன்றைக்கு ஆளே வரவில்லை. உடம்பு சரியில்லை என்று மருத்துவ விடுப்புச் சொல்லிவிட்டு, ஓஹாரா என்ற தளபதியிடம் வாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார். வாஷிங்டன் லேசுப்பட்டவரா? உன் மேலதிகாரி வரவில்லை, நீ என் கீழதிகாரியிடம் கொடு என்று லிங்கனைக் கைகாட்டிவிட்டார்.

மாப்பிள்ளை: லிங்கன் அப்போது பிறக்கவேயில்லை! இது எனக்கே தெரியும்.

மாமனார்: அவர் ஆபிரகாம். இவர் பெஞ்சமின் லிங்கன். ஆனால் விஷயம் அது இல்லை. இப்படி ஒரு நாட்டையே கோட்டை விட்டு, ஒப்படைக்கும் அன்று விடுப்பும் எடுத்த அதிகாரியை என்ன செய்ய வேண்டும்?

மாப்பிள்ளை: என்ன செய்ய வேண்டும்?

மாமனார்: 1786இல் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவுக்கு மாறுதல் போட்டார்கள். எங்கள் துறையில் வேலை தெரியாதவனைத் தண்ணீர் இல்லாத காட்டுக்கு மாற்றுவார்கள். அவர்களுக்குத் தண்ணீர் இல்லாத காடு நாம்தான், மாப்பிள்ளை. அதுவும் பதவி உயர்வோடு.

மாப்பிள்ளை: மாமா, உங்கள் மகள் ஆறு மணிக்கு வேலையிலிருந்து வந்ததும் எத்தனை அட்டை முடிந்தது என்று உங்களைக் கேட்க மாட்டாள். என்னைத்தான் கேட்பாள்.

மாமனார்: கேளுங்கள், கேளுங்கள்.

மாப்பிள்ளை: அரசியலமைப்புச் சட்டத்தில் எத்தனை திருத்தங்கள்?

மாமனார்: இருபத்தேழு.

மாப்பிள்ளை: சரி. அடுத்த...

மாமனார்: அந்த இருபத்தேழாவது இருக்கிறதே...

மாப்பிள்ளை: மாமா.

மாமனார்: 1789இல் அனுப்பிய கோப்பு, மாப்பிள்ளை. மக்கள் பிரதிநிதிகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்ளும் சம்பள உயர்வு அடுத்த தேர்தலுக்குப் பிறகுதான் கைக்கு வர வேண்டும் என்று. 1992இல் ஒப்புதல் ஆனது. 202 வருடம் நிலுவை! முப்பத்தொரு வருட சர்வீஸில் நான் அதிகபட்சம் பார்த்தது நாற்பது வருடக் கோப்புதான். அதற்கே என்னை நடமாடும் அருங்காட்சியகம் என்பார்கள்.

மாப்பிள்ளை: (தன்னையறியாமல்) எப்படித் திடீரென்று வெளியே வந்தது?

மாமனார்: டெக்சாஸில் ஒரு கல்லூரி மாணவர். 1982இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார், இது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, மாநிலங்கள் இப்போதுகூட ஒப்புதல் கொடுக்கலாம் என்று. ஆசிரியர் 'சி' போட்டுக் கொடுத்துவிட்டார். அவர் விடவில்லை. மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதியே பத்து வருடத்தில் சட்டமாக்கிவிட்டார். 2017இல்தான் பல்கலைக்கழகம் அந்த 'சி'யை 'ஏ'யாகத் திருத்தியது.

மாப்பிள்ளை: நல்ல கதை. ஆனால் விடை "இருபத்தேழு". அதற்கு மேல் ஒரு எழுத்து பேசினாலும் அதிகாரிக்கு எரிச்சல் வரும். அடுத்தது. உள்நாட்டுப் போருக்கு வழிவகுத்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள். இதில் மூன்று விடை இருக்கிறது, எதைச் சொன்னாலும் சரி. அடிமை முறை, பொருளாதாரக் காரணங்கள், மாநில உரிமை.

மாமனார்: எதைச் சொன்னாலுமா?

மாப்பிள்ளை: எதைச் சொன்னாலும். நான் மாநில உரிமை என்று சொன்னேன். நம் ஊரில் கேட்டுப் பழகிய சொல்லாக இருந்தது, சட்டென்று வாயில் வந்தது.

மாமனார்: எதற்கான உரிமை?

மாப்பிள்ளை: அதை அவர் கேட்கவில்லை.

மாமனார்: ஆளை விலைக்கு வாங்கி விற்கிற உரிமை. பொருளாதாரம் என்றார்களே, எந்தப் பொருளாதாரம்? சம்பளம் கொடுக்காமல் பருத்தி எடுக்கிற பொருளாதாரம். பிரிந்து போன மிசிசிப்பிக்காரர்கள் 1861இல் தாங்களே எழுதி வைத்திருக்கிறார்கள், எங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு பின்னிப் பிணைந்தது என்று. குற்றவாளியே வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வழக்கில், எந்தக் காரணம் சொன்னாலும் சரி என்று மதிப்பெண் போடுகிறார்கள். இதில் மட்டும் ஏன் இவ்வளவு தாராளம்? ஜூலை 2 என்றால் தவறு. இது மட்டும் எப்படியும் சரி!

மாப்பிள்ளை: மாமா, நீங்கள் குடியுரிமை வாங்கப் போகிறீர்களா, விசாரணைக் கமிஷன் வைக்கப் போகிறீர்களா?

மாமனார்: நீங்கள் எத்தனை சரியாகச் சொன்னீர்கள்?

மாப்பிள்ளை: ஆறுக்கு ஆறு. முதல் ஆறும் சரியாகிவிட்டதால் ஏழாவதைக் கேட்கவேயில்லை.

மாமனார்: நல்ல வேளை.

(சிறிது நேரம் இருவரும் காபி குடிக்கிறார்கள். மாமனார் ஆற்றிக் குடிக்கிறார். மாப்பிள்ளை நாக்கைச் சுட்டுக்கொள்கிறார்.)

மாமனார்: இப்போது நான் ஒன்று கேட்கட்டுமா? தவறாக நினைக்கக்கூடாது. பிரதிநிதிகள் சபையில் வாக்குரிமையுள்ள உறுப்பினர்கள் எத்தனை பேர்?

மாப்பிள்ளை: ஐம்பது.

மாமனார்: அது மாநிலம்.

மாப்பிள்ளை: நூறு.

மாமனார்: அது செனட்.

மாப்பிள்ளை: நான் படித்து எட்டு வருடம் ஆகிறது, மாமா.

மாமனார்: அட்டை உங்கள் கையில்தான் இருக்கிறது.

மாப்பிள்ளை: (தேடி எடுத்து) இதில் சாம்பார் கொட்டியிருக்கிறது. நானூற்று... நானூற்று ஏதோ.

மாமனார்: நானூற்று முப்பத்தைந்து. நான்கு தேர்தலில் வாக்களித்திருக்கிறீர்கள், மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: (சட்டென்று அடுத்த அட்டைக்குப் போய்) குடிமக்களுக்கு மட்டுமே உரிய ஒரு உரிமை?

மாமனார்: நாடு தழுவிய தேர்தலில் வாக்களிப்பது. பகத் சிங் திண்ட் அதைத்தான் கேட்டார்.

மாப்பிள்ளை: பகத் சிங்கா? தூக்கில் போட்டார்களே, அவரா?

மாமனார்: அவர் இல்லை. இவர் முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவச் சீருடை போட்டவர். சீருடையோடுதான் குடியுரிமையும் வாங்கினார். 1790ஆம் ஆண்டுச் சட்டப்படி வெள்ளையருக்குத்தான் குடியுரிமை, பிறகு கறுப்பர்களையும் சேர்த்தார்கள், நீ இரண்டிலும் இல்லை என்று 1923இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஏற்கெனவே வாங்கியிருந்த மற்ற இந்தியர்களிடமிருந்தும் தேடித் தேடிப் பறித்தார்கள். 1946இல்தான் நமக்குக் கதவைத் திறந்தார்கள். இந்தியாவிலிருந்து வருடத்துக்கு இத்தனை பேர் வரலாம் என்றும் கணக்கு வைத்தார்கள். எத்தனை தெரியுமா?

மாப்பிள்ளை: எத்தனை?

மாமனார்: நூறு. உங்கள் அட்டைக் கணக்குதான்.

மாப்பிள்ளை: (கட்டை ஒருமுறை முழுக்கப் புரட்டிவிட்டு) இது இதில் இல்லையே, மாமா.

மாமனார்: இருக்காது.

(கார் வந்து நிற்கும் சத்தம். மாப்பிள்ளை அவசரமாக அட்டைகளுக்கு ரப்பர் பேண்டு போடுகிறார். பாதியில் நின்றுவிடுகிறார்.)

மாப்பிள்ளை: அந்தக் கார்ன்வாலிஸ் கடைசியில் என்னதான் ஆனார்?

மாமனார்: இறந்துபோனார்.

மாப்பிள்ளை: அது சரி. எங்கே? எப்படி? ஊருக்குத் திரும்பிப் போனாரா, இல்லையா?

மாமனார்: கேள்வியில் அது இல்லையே, மாப்பிள்ளை.