ரெண்டு கிலோ டம்பெல்லை இனிமே என் கையில வைக்காதீங்க

இன்னிக்கும் அதே கதைதான். காலையில அஞ்சே முக்காலுக்கு ஜிம்முக்குள்ள நுழையறேன். "தம்பி, இன்னிக்காவது அந்த ரேக்ல ஸ்குவாட் சொல்லிக் குடுங்க, எடை மாட்டற இரும்புப் பாரை எப்படித் தோள்ல வைக்கணும்னு காட்டுங்க"ன்னு பயிற்சியாளர்கிட்ட கேக்கறேன். "உங்களுக்கு எதுக்குக்கா அதெல்லாம்? ஹெவி எடுத்தா உடம்பு ஆம்பள மாதிரி ஆயிடும்க்கா. டோனிங் பண்ணா போதும்"னு சொல்லிட்டு, ரோஸ் கலர் டம்பெல் ரெண்டை எடுத்து என் கையில வைக்கறார். ஒவ்வொண்ணும் ரெண்டு கிலோ. சேர்ந்து நாலு மாசம் ஆச்சு. நாலு மாசமா அதே ரெண்டு கிலோ.

வயிறு எரியுது. அதனாலதான் இங்க கொட்டறேன்.

சேர்ந்த அன்னிக்கு ஒரு அட்டை போட்டாங்க. பேர், வயசு, எடை, அதுக்குக் கீழ 'நோக்கம்'னு ஒரு கட்டம். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அந்தத் தம்பியே 'டோனிங்'னு எழுதிட்டார். பக்கத்துல நின்ன காலேஜ் பையன் கிட்ட மட்டும் "உனக்கு என்ன வேணும் ப்ரோ"ன்னு கேட்டார். பீஸ் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

அந்த 'டோனிங்'ங்கற வார்த்தை மேலதான் எனக்கு முதல் கோபம். அப்படி ஒரு தனி வேலையே உடம்புல கிடையாது. தசை வளரும், இல்லைன்னா சுருங்கும். கொழுப்பு சேரும், இல்லைன்னா கரையும். மேல இருக்கற கொழுப்பு குறைஞ்சு, அடியில தசை திடமா இருந்தா நாம அதை 'உடம்பு நல்லா இறுகியிருக்கு'ன்னு சொல்றோம். கொழுப்பு தசையா மாறாது. கை தொளதொளன்னு ஆடுதேன்னு கைக்கு மட்டும் நூறு தடவை ஆட்டினா கைக் கொழுப்பு மட்டும் போகாது, தொப்பைக்கு க்ரஞ்சஸ் போட்டாத் தொப்பை மட்டும் கரையாது. எங்கேர்ந்து முதல்ல கரைக்கணும்னு உடம்புதான் முடிவு பண்ணும். இதைச் சொல்லிக் குடுக்க வேண்டியவங்களே "இது கைக்கு, இது தொடைக்கு, இது இடுப்புக்கு"ன்னு பிரிச்சு வச்சுப் பொம்பளைங்களை வருஷக்கணக்கா ஏமாத்தறாங்க.

தசை திடமாகணும்னா அதுக்குக் கஷ்டம் குடுக்கணும். பத்து தடவை தூக்கும்போது கடைசி ரெண்டு தடவை திணறணும். அது சுலபமானதும் எடையைக் கொஞ்சம் ஏத்தணும். ஜிம்மில 1.25 கிலோ பிளேட்டுன்னு ஒண்ணு உண்டு, உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பாருக்கு ரெண்டு பக்கமும் அதை ஒண்ணொண்ணு மாட்டினா ரெண்டரை கிலோ ஏறும். அவ்வளவுதான் ரகசியம். எங்க ஜிம்மில அந்தச் சின்ன பிளேட் நாலும் ரேக்குக்கு அடியில தூசி படிஞ்சு கிடக்கு. நேத்து குனிஞ்சு ஒண்ணை எடுத்துத் துடைச்சேன், விரல்ல கருப்பா ஒட்டுச்சு.

ரெண்டு கிலோதான் எனக்கு ஏத்ததுன்னு முடிவு பண்ணவங்க என் வீட்டு வேலையை ஒரு நாள் பாக்கட்டும். ஒரு பிளாஸ்டிக் குடத்துல பதினஞ்சு லிட்டர் தண்ணி, அதாவது பதினஞ்சு கிலோ. மோட்டார் ஓடாத அன்னிக்கு அதை இடுப்புல வச்சு மாடி ஏறறது நான். கடைக்காரர் வாசல்ல போட்டுட்டுப் போற அரிசி மூட்டை 26 கிலோ (25 கிலோ வரைக்கும் ஜிஎஸ்டின்னு வந்ததுலேர்ந்து ஒரு கிலோ கூட்டிட்டாங்க). சிலிண்டர்ல கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போட சேத்தா முப்பது கிலோ கிட்ட வரும். அதை அடுப்படி வரைக்கும் சாய்ச்சு உருட்டறதும் நான்தான். இருபது வருஷமா இதையெல்லாம் தூக்கறேன், "எப்படித் தூக்கணும், முதுகை எப்படி வச்சுக்கணும்"னு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல. சொல்லிக் குடுக்கறதுக்குன்னே இருக்கற இடத்துக்குக் காசு கட்டிட்டு வந்தா, அங்கயும் மாட்டேங்கறாங்க.

'ஆம்பள மாதிரி ஆயிடும்'ங்கற பயம் வேற. தசையைப் பெருசாக்கறதுல பெரிய பங்கு டெஸ்டோஸ்டிரோனுக்கு. பொம்பளைங்க உடம்புல அது ஆம்பளைங்களுக்கு இருக்கறதுல பத்துல ஒரு பங்குகூடக் கிடையாது. ஜிம்முக்கு வர்ற பசங்களே வருஷக்கணக்கா முட்டை, கோழி, பவுடர்னு சாப்பிட்டு, தினம் ரெண்டு மணி நேரம் தூக்கியும் கை அரை அங்குலம் பெருக்கலையேன்னு புலம்பறாங்க. வாரம் மூணு நாள் வர்ற எனக்கு எங்கேர்ந்து வந்துடும்? கர்ணம் மல்லேஸ்வரி 2000-த்துல சிட்னி ஒலிம்பிக்ல ரெண்டு விதமாத் தூக்கினதையும் சேத்து 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினாங்க. இந்தியாவுக்கு ஒலிம்பிக் பதக்கம் வாங்கின முதல் பொண்ணு அவங்கதான், வாங்கினதும் எடை தூக்கி. மீராபாய் சானு 49 கிலோ பிரிவுல டோக்கியோ ஒலிம்பிக்ல அதே மாதிரி ரெண்டும் சேத்துத் தூக்கினது 202 கிலோ. அவ்வளவு ஏன், நெல்லை மாவட்டம் வடலிவிளையில பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கற போட்டியில பொம்பளைங்களும் இறங்கறாங்க. நம்ம ஊர்ல இல்லாத பழக்கம் ஒண்ணும் இல்ல இது.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கறேன்னா, எங்கம்மா.

அம்மா பூஜை ரூம்ல தரையில உக்காந்து பூ கட்டுவாங்க. அறுபது தாண்டினதும் கட்டி முடிச்சு எந்திரிக்க முடியாது. முதல்ல பீரோ கைப்பிடியைப் பிடிப்பாங்க, ஒரு முட்டியை ஊனுவாங்க, அப்படியே மூச்சு வாங்கிட்டு நிப்பாங்க. அப்புறம் "கண்ணு, ஒரு கை குடு"ன்னு கூப்பிடுவாங்க. வயசானா அப்படித்தான்னு நாங்களும் கை குடுத்துட்டு எங்க வேலையைப் பாக்கப் போயிட்டோம். அறுபத்தேழு வயசுல பாத்ரூம்ல வழுக்கினாங்க. பெரிய வழுக்கல்கூட இல்ல, தடுமாறின காலை ஊனி நிறுத்தத் தெம்பு இல்ல. இடுப்பு எலும்பு முறிஞ்சது. ஆபரேஷன், கம்பி, மூணு மாசம் படுக்கை. பிசியோதெரபிக்கு வந்த பொண்ணு அம்மாவோட தொடையை ரெண்டு கையாலயும் பிடிச்சுப் பாத்துட்டு, "எலும்பு சேந்துடும்மா. ஆனா எலும்பைத் தாங்கறதுக்குத் தொடையில சதையே இல்லையே"ன்னு சொன்னா. நாற்காலியில உக்கார வச்சு, கையை மார்ல கட்டிக்கிட்டு எந்திரிக்கச் சொன்னா. அம்மாவால ஒரு தடவைகூட முடியல. கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவங்களுக்கு.

அந்த நாற்காலியிலேர்ந்து எந்திரிக்கறதுக்குப் பேர்தான் ஸ்குவாட். அதைத்தான் எனக்கு வேணாம்கறாங்க.

முப்பது வயசுக்கு மேல தசை கொஞ்சம் கொஞ்சமா கரைய ஆரம்பிக்கும், அறுபதுக்கு மேல வேகமாகும். மாதவிடாய் நின்னதும் ஈஸ்ட்ரோஜன் இறங்கி எலும்பும் சேந்து மெலியும். எலும்புக்கு உறுதி வேணும்னா அதை இழுக்கற தசைக்கு வேலை குடுக்கணும், பாரம் ஏத்தணும். ஆஸ்திரேலியாவுல மாதவிடாய் நின்ன, எலும்பு அடர்த்தி குறைஞ்ச பெண்களை வச்சே பாத்திருக்காங்க. பயிற்சியாளர் பக்கத்துல நிக்க, வாரம் ரெண்டு நாள், அரை மணி நேரம், நல்ல கனமான எடை. எட்டு மாசத்துல முதுகெலும்போட அடர்த்தி கூடியிருக்கு. 2018-ல வந்த ஆய்வு. உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்னதும் அதேதான்: நடைப்பயிற்சி தனி, அது போக வாரத்துல குறைஞ்சது ரெண்டு நாள் பெரிய தசைகள் எல்லாத்துக்கும் வலுப் பயிற்சி. அதுல ஆம்பள, பொம்பளன்னு பிரிக்கல. எங்க குடும்பத்துல முக்கால்வாசிப் பேருக்கு சுகர் வேற. சாப்பிட்ட பிறகு ரத்தத்துல ஏறற சர்க்கரையை அதிகமா உள்ள இழுத்துக்கறதே தசைதான். அந்தத் தசையை வளக்க விடாம, ட்ரெட்மில்ல நாப்பது நிமிஷம் நடக்க வச்சு, வயித்துல பெல்ட் கட்டி வேர்க்க விட்டு அனுப்பறாங்க. வேர்வையில போறது தண்ணி. வீட்டுக்குப் போய் ரெண்டு சொம்பு குடிச்சா திரும்ப வந்துடும்.

ஜிம்மில எழுதிக் குடுத்த சாப்பாட்டுச் சீட்டைப் பத்தியும் சொல்லிடறேன். காலையில கிரீன் டீ, மத்தியானம் ஒரு கப் சோறு, ராத்திரி ரெண்டு சப்பாத்தி. அறுபது கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு அம்பது கிராம் புரதமாவது வேணும். இந்தச் சீட்டுல அதுல பாதிகூட வராது. ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல்னு எழுதக்கூட மனசு வரல.

ஜாக்கிரதை வேணாம்னு நான் சொல்லவே இல்ல. பிரஷர் இருக்கறவங்க, முதுகுவலி இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் தொடங்கணும். முதல் மாசம் வெறும் கம்போட குனிஞ்சு நிமிரக் கத்துக்கணும். அதுக்குத்தான் பயிற்சியாளர் வேணும். தப்பாத் தூக்கினா அடிபடும்னு தெரிஞ்சவர் சரியாத் தூக்கறதைச் சொல்லித் தரணும், கைக்கு எட்டாம வைக்கறது தீர்வு இல்ல.

இன்னிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி மேஜை மேல இருந்த என் அட்டையை எடுத்தேன். பேனா கேட்டேன். 'டோனிங்'கை அடிச்சுட்டு, பக்கத்துல 'தரையில உக்காந்து, கை ஊனாம எந்திரிக்கணும். எழுபது வயசுலயும்'னு எழுதிட்டு அந்தத் தம்பி கையிலயே குடுத்தேன். ரெண்டு தடவை படிச்சார். "சார்ட்டை மாத்தணும்க்கா"ன்னார். மாத்துங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். திங்கக்கிழமை ஆறு மணிக்கு அந்த ரேக் முன்னாடி நிப்பேன்.