மருமவளுக்கு நாலு சிவராத்திரி

(தக்கலை பக்கம் ஒரு வீட்டுத் திண்ணை. மருமவ ஃப்ளோரிடாவுல நர்ஸ், லீவுக்கு வந்திருக்கா. மாமா வருஷந்தோறும் சிவராத்திரிக்கு பன்னெண்டு சிவன் கோயிலுக்கு ஓடிப் போற சிவாலய ஓட்டம் ஓடுகவரு, நம்ம ஊருல சாலயம்னு சொல்லுவாவளே, அதுதான்.)

மாமா: பிள்ளே, சானல்கரையில உனக்கு என்னவாக்கும் ஆச்சு? பால்காரன் வந்து கேக்கான், உங்க மருமவ கொஞ்சம் ஓடுதா, பொறவு நடக்கா, மறுபடியும் ஓடுதா, கையில வாச்சப் பாக்கா, திரும்ப நடக்கா, டாக்டர்ட்ட காட்டினியளாண்ணு.

மருமவ: அதுதான் மாமா டிரெயினிங். முப்பது செகண்ட் ஓட்டம், முப்பது செகண்ட் நடை. ஜெஃப் காலோவேனு ஒருத்தர் கொண்டுவந்த முறை. 1972ல மியூனிக் ஒலிம்பிக்ஸ்ல 10,000 மீட்டர் ஓடினவரு.

மாமா: ஒலிம்பிக்ஸ்லயும் எடைக்கெடைக்கு நடந்தாரா?

மருமவ: அங்க ஓடினாரு. நம்மளத்தான் நடக்கச் சொன்னாரு.

மாமா: கொள்ளாமே. செரி, இதெல்லாம் என்னத்துக்கு?

மருமவ: ஜனவரியில ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுல ஓட்டம் இருக்கு மாமா. வியாழக்கிழமை 5 கிலோமீட்டர், வெள்ளி 10, சனி ஹாஃப் மாரத்தான், ஞாயிறு ஃபுல் மாரத்தான். மொத்தம் 48.6 மைல், நம்ம கணக்குக்கு 78 கிலோமீட்டர் சொச்சம். நாலையும் முடிச்சா அதுக்குப் பேரு டோப்பி சேலஞ்ச்.

மாமா: வெறும் 78ஆ? நாங்க திருமலையில தொடங்கி திருநட்டாலம் வரைக்கும் பன்னெண்டு கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல வரும், ஒரு ராத்திரியும் ஒரு பகலும்தான், அதுவும் வெறுங்காலோட. நீ வியாழக்கிழமையே நாலையும் சேத்து ஓடிப்போட்டு மிச்சம் மூணு நாளும் கெடந்து உறங்கப்பிடாதா?

மருமவ: விடமாட்டாவ மாமா.

மாமா: ஓடுகதுக்கு எவ்வளவு தருவாவ?

மருமவ: நாமதான் கெட்டணும். 600 டாலருக்கு மேல.

மாமா: அரை லட்சத்துக்கு மேலயா! அதுக்கு எத்தன ரப்பர் ஷீட்டு அடிக்கணும் தெரியுமா? எங்களுக்கு வழிநெடுக மோரு, பானகம், சுக்கு காப்பி, கஞ்சி எல்லாம் ஓசி, வாங்கிக் குடிக்கலேண்ணா பிணங்குவாவ.

மருமவ: எனக்கு ஆறு மெடலு கிட்டும்லா.

மாமா: நாலு ஓட்டத்துக்கு ஆறா?

மருமவ: நாளுக்கு ஒண்ணு, சனியும் ஞாயிறும் சேத்து முடிச்சதுக்கு கூஃபி மெடலு, நாலையும் சேத்து முடிச்சதுக்கு டோப்பி மெடலு.

மாமா: ஓட்டத்துக்கும் ஆடித் தள்ளுபடி போட்டுட்டானுவளா?

மருமவ: களியாக்காதிய மாமா. ஓடுகது கூட பெரிய பாடு இல்ல, உறக்கந்தான் பாடு. வெளுப்புக்கு அஞ்சு மணிக்கு ஓட்டம் தொடங்கிரும், ஆயிரக்கணக்குல ஆளு வரும், ரோட்டையும் அடைச்சிருவாவ, அதனால ரெண்டு ரெண்டரைக்கே எந்திரிச்சு பஸ்சு புடிச்சுப் போயி இருட்டுல நிக்கணும். நாலு நாளும் இதுதான் கதி.

மாமா: எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு சிவராத்திரி. உனக்கு ஒரே வாரத்துல நாலா! மத்தியானம் வந்து கெடந்து உறங்குவியா?

மருமவ: உறங்கணும். ஆனா கூட வாற கூட்டாளிய எல்லாரும் அங்க போவோம் இங்க போவோம்னு பார்க்கு முழுக்க சுத்தப் போறாளுவ. ஓட்டத்துல போற காலை விட சுத்தப் போயி போற காலுதான் அதிகமாம். நான் சாயந்தரம் ஏழு மணிக்கு கட்டில்னு எழுதியே வச்சாச்சு, எக்ஸெல்ல.

மாமா: உறங்குகதுக்கும் எக்ஸெல்லா? காட்டு பாப்போம். (போனை வாங்கி கண்ணாடியை இறக்கிவிட்டு) இது என்ன எழவு, வியாழன் பைய, வெள்ளி பைய, சனி பைய, ஞாயிறு பைய. இதுக்கு ஒரு எக்ஸெல்லு!

மருமவ: அதுதான் மாமா பிளானே. 5 கிலோமீட்டர் தானேண்ணு வியாழக்கிழமை பாஞ்சு ஓடினா ஞாயிறு இருவதாவது மைலுல காலு கணக்கு கேக்கும். முதல் மூணு நாளும் ஓட்டம்னு நெனைக்கவே பிடாது.

மாமா: அது நூத்துக்கு நூறு செரி. ஒவ்வொரு வருஷமும் பாக்குதேன்லா, திருமலையில புதுசா வாற பயலுவ "கோவிந்தா கோபாலா"ண்ணு கத்திக்கிட்டு பனைவிசிறியச் சுத்திக்கிட்டு நம்மள எல்லாம் தள்ளிப்போட்டு ஓடுவானுவ, திக்குறிச்சி வரைக்கும் அதே பாய்ச்சல்தான், அங்கேருந்து திற்பரப்பு கொஞ்சம் நீளம்லா, நான் பைய நடந்து போய்ச் சேரும்போ அதே பயலுவ அருவிக்கரையில உள்ளங்கால மேல பாக்க வச்சிட்டு கெடப்பானுவ. ஒருத்தன் என்கிட்ட கேக்கான், அண்ணாச்சி இது எத்தனாவது கோயிலு, பத்தாவதாண்ணு. மூணாவதுடேண்ணு சொன்னேன். பய அழுதுட்டான்.

மருமவ: அந்த அழுகை எனக்கு ஞாயித்துக்கெழம வரப்பிடாதுண்ணுதான் ரெண்டு வாரத்துக்கு ஒருக்க வியாழன்ல இருந்து ஞாயிறு வரைக்கும் தொடர்ந்து ஓடிப் பழகுதேன். முந்துன நாள் அசதி காலுல இருக்கும்போதே மறுநாளும் எறங்கணும், அதுக்குத்தான் பழக்கம். கடைசி ரெண்டு மூணு வாரம் கொறச்சிருவேன்.

மாமா: பைய போனா யாராவது ஏசுவாவளா?

மருமவ: அங்கதான் இருக்கு சங்கதி. மைலுக்கு 16 நிமிஷத்துக்குள்ள போணும், அதாவது கிலோமீட்டருக்கு பத்து நிமிஷத்துக்கு ஒரு நாலு செகண்ட் கொறவு. கடைசி ஆளும் கெளம்பின பொறவு பலூன் கெட்டிக்கிட்டு சில பொம்பளைய செரியா அந்த 16 நிமிஷக் கணக்குல நடந்து வருவாவ. பலூன் லேடீஸ்ணு பேரு. அவிய நம்மளத் தாண்டிட்டா கதை தீந்துது, பஸ்சுல ஏத்தி கொண்டுபோயிருவாவ. ஞாயித்துக்கெழம பஸ்சுல ஏறினா அன்னைக்குள்ள மெடலு, கூஃபி, டோப்பி மூணும் போச்சு.

மாமா: (எந்திரிச்சு நின்னுட்டாரு) பிள்ளே! இது புருஷாமிருகம்லா!

மருமவ: எது?

மாமா: நம்ம கதை மறந்துபோச்சா? பாதி மனுஷன் பாதி மிருகம்லா அது, அதுகிட்ட பீமன் பாலு கேட்டுப் போனாம்லா, கோவிந்தான்னு கேட்டாலே அதுக்கு ஆவாது, தொரத்துச்சு, பீமன் ஓட்டம். கிருஷ்ணன் குடுத்த பன்னெண்டு ருத்ராட்சத்துல ஒண்ணக் கீழ போடுவான், அது லிங்கமாவும், மிருகம் சிவபக்தன்லா, நின்னு பூஜை பண்ணும், அந்த கேப்புல இவன் ஓடிருவான். பன்னெண்டு கோயிலும் அப்பிடி வந்ததுதான. நீயும் அந்த பலூன் பொம்பளைய முன்னால எதையாவது போட்டுட்டு ஓடு.

மருமவ: அவிய எதுக்கும் நிக்கமாட்டாவ மாமா. வழியெல்லாம் மிக்கி மவுஸ், டொனால்ட் டக்னு வேஷம் போட்டு நிப்பாவ, போட்டோ எடுக்க நிக்குதது நாங்கதான்.

மாமா: பீமனே நின்னு பூஜை பண்ணினா எப்பிடி பிள்ளே ஓட்டம் வெளங்கும்?

மருமவ: அதுக்குத்தான போட்டோ பட்ஜெட்டு போட்டிருக்கேன். பாருங்க, ஃபுல் மாரத்தான் 26.2 மைலு, மைலுக்கு 16 நிமிஷம் வச்சா ஏழு மணிக்கூறு. நான் மைலுக்கு 14 நிமிஷத்துல போனா ஆறு மணிக்கூறு ஏழு நிமிஷம். கையில அம்பது நிமிஷம் மிச்சம். ஒரு போட்டோவுக்கு வரிசையில அஞ்சு நிமிஷம் வச்சாலும்...

மாமா: பத்து எலி.

மருமவ: மிக்கி ஒண்ணுதான் மாமா, மத்ததெல்லாம் வேற வேற.

மாமா: எலியப் பாக்க அரை லட்சம். நம்ம ரப்பர் பெரையில வந்து நில்லு, வரிசையே வேண்டாம், அதுவளே வந்து பாக்கும்.

மருமவ: ஆனா அம்பதையும் செலவழிக்க மாட்டேன், கக்கூசு வரிசைக்கு வேணும், முட்டு வலிச்சா வேணும். அதனால போட்டோ எல்லாம் 5 கிலோமீட்டர்லயும் 10 கிலோமீட்டர்லயும் எடுத்துருவேன், அன்னைக்கு நின்னு நின்னு போனா காலுக்கும் நல்லது. சனிக்கிழமை ரெண்டு. ஞாயிறு கோட்டை முன்னால ஒண்ணே ஒண்ணு. அப்புறம் முன்வரிசைக் கூட்டத்துல கெளம்ப எடம் கெடச்சா இன்னும் லாபம், பலூன்காரிய எல்லாருக்கும் கடைசியிலதான கெளம்புவாவ. அதுக்குத்தான் முந்தியே ஒரு பந்தயத்துல ஓடி அந்த டைமைக் காட்டிருக்கேன். சில ஆளுவ அந்த லாபத்துல ஓட்டத்துக்கு நடுவுல அனிமல் கிங்டம் பார்க்குல ரோலர் கோஸ்டர் ஏறி எறங்கிட்டு மறுபடி ஓடுவாவ.

மாமா: ஓட்டத்துக்கு நடுவுல ராட்டினமா! சாலயத்துல ஒருத்தன் ராட்டினம் ஏறணும்ணு சொல்லட்டும், விசிறியாலயே அடிச்சிருப்பேன். (கொஞ்சம் யோசிச்சு) டிக்கெட்டு தனியாவா?

மருமவ: ராட்டினம் கெடக்கட்டு மாமா. எங்க ஓட்டத்துல மழை பெஞ்சாலும் விடமாட்டோம், ஆனா இடி மின்னல்னா அவியளே நிறுத்திருவாவ. 2017ல ஹாஃப் மாரத்தானயே கேன்சல் பண்ணிட்டாவ. ஜனவரியில அங்க குளிரும் வரும், வேர்த்து ஊத்துகதும் வரும், ரெண்டுக்கும் துணி எடுக்கணும், ஷூவும் ரெண்டு ஜோடி, நனைஞ்சத மறுநாள் போட்டா கொப்புளந்தான்.

மாமா: துணிய விடு. தொடையில ஒரசி தோலு போவும்லா, அதுக்கு என்ன வச்சிருக்க?

மருமவ: வாசலின்.

மாமா: தேங்காண்ணை கொண்டு போ, செக்குல ஆட்டினது. அப்புறம் கருப்பட்டி கொஞ்சம், மட்டிப்பழம் ஒரு சீப்பு.

மருமவ: மட்டிப்பழத்த ஏர்போர்ட்டுல புடுங்கிருவாவ மாமா. ஓட்டத்துக்கு ஜெல்லு இருக்கு, அதுவும் இப்பமே தின்னு பழகிட்டேன், அன்னைக்கு புதுசா எதத் தின்னாலும் வயிறு கலக்கிரும்.

மாமா: செரி, ஒண்ணு கேக்கேன். நீ கடைசிக் கோட்டுக்கு ஒரு காலு வச்சிட்ட, மத்தக் காலு வெளிய, அந்நேரம் பலூன்காரி வந்து புடிச்சிட்டாண்ணு வையி. என்ன செய்வ?

மருமவ: அப்பிடி யாரும் புடிக்க மாட்டாவ மாமா.

மாமா: பீமனைப் புடிச்சுதே. ஒரு காலு எல்லைக்கு இந்தப் பக்கம், ஒரு காலு அந்தப் பக்கம், வழக்கு தருமருகிட்ட போச்சு. தம்பிண்ணும் பாக்காம, பாதி ஒடம்பு மிருகத்துக்குண்ணு தீர்ப்புச் சொல்லிட்டாரு. நீயும் பஞ்சாயத்து வையி. பாதி மெடலு கண்டிப்பா கேக்கணும், ஆறுல பாதி மூணு, விட்டுக்குடுக்காத.

மருமவ: பஞ்சாயத்துக்கு தருமருக்கு எங்க போவேன்?

மாமா: நான் வாறேன்லா. விசாவுக்கு எழுதிப் போடு. வேட்டிக்கு மேல நம்பரு குத்த விடுவாவளாண்ணு மட்டும் கேட்டுச் சொல்லு.