அது 1931. 1923 இல்லை.

இரண்டு நாளாக யார் சுவரைத் திறந்தாலும் அதே படம். பெர்லின் சேமிப்பு வங்கி வாசலில் முண்டியடிக்கும் கூட்டம்; கீழே, "1923: அரசு நோட்டடித்தால் இதுதான் கதி." பகிர்ந்தவருக்குத் திருத்தம் அனுப்பினேன். "ஆண்டு மாறினால் என்ன, பாடம் ஒன்றுதானே" என்றார். இல்லை. பாடமே தலைகீழ்.

அந்தப் படம் 1931 ஜூலை. 1923-இல் ஜெர்மனியில் நோட்டு குவிந்து கிடந்தது, மதிப்பு இல்லை. 1931-இல் ஜெர்மன் நாணயமான மார்க்குக்கு மதிப்பு இருந்தது, பணம்தான் கிடைக்கவில்லை. விலைவாசி இறங்கிக்கொண்டிருந்தது, ஏறத்தாழ 40 லட்சம் பேருக்கு வேலை இல்லை.

முதலில் சாய்ந்தது ஜெர்மனியின் பெரிய வங்கிகளில் ஒன்றான டானாட் வங்கி. வெளிநாட்டாரிடம் குறுகிய தவணையில் டெபாசிட் வாங்கி, ஆண்டுக்கணக்கில் திரும்பாத தொழிற்கடன்களில் போட்டிருந்தது. பங்கு மூலதனமே 6 கோடி மார்க். தன் பங்கின் விலை சரியாமல் இருக்க, அதில் ஏறத்தாழ பாதியைத் தானே சந்தையில் வாங்கி வைத்திருந்தது. நட்டம் வந்தால் தாங்க வேண்டிய முதல் அப்படிக் கரைந்தது. நட்டம் நோர்ட்வோல்லேயிலிருந்து வந்தது. விலை ஏறும் என்று கம்பளியை வாங்கிக் குவித்து, விலை விழுந்ததும் நட்டத்தை ஆம்ஸ்டர்டாம் துணை நிறுவனத்தின் கணக்கில் மறைத்த பிரேமன் கம்பெனி.

மே மாதம் வியன்னாவில் ஆஸ்திரியாவின் மிகப் பெரிய வங்கியான கிரெடிட்அன்ஸ்டால்ட் ஆட்டம் கண்டது. ஜூன் 6-இல் ஜெர்மன் பிரதமர் புரூனிங் முதல் உலகப் போர் இழப்பீட்டுச் சுமையை இனித் தாங்க முடியாது என்று அறிவித்தார். வெளிநாட்டுப் பணம் வேகமாக வெளியேறியது. நோட்டுக்கு 40 சதவீதம் தங்கமும் அந்நியச் செலாவணியும் ஈடு இருக்க வேண்டும் என்பது சட்டம். ஈடு கரையக் கரைய, ஜெர்மனியின் மத்திய வங்கியான ரைக்ஸ்பேங்க் மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனை இறுக்கியது. அதன் தலைவர் லூதர் லண்டனுக்கும் பாரிசுக்கும் பறந்து வெறுங்கையோடு திரும்பினார். ஜூலை 13, திங்கள், டானாட் கதவு திறக்கவில்லை. 14, 15 தேதிகளில் எல்லா வங்கிகளுக்கும் விடுமுறை. நோட்டடித்ததால் வந்த கூட்டமா இது? நோட்டு கொடுக்க முடியாததால் வந்த கூட்டம்.

"வேர் 1923தானே?" என்பீர்கள். வங்கிகளின் சொந்த முதலைப் பணவீக்கம் அரித்தது உண்மை; வெளிநாட்டுப் பணத்தை நம்ப நேர்ந்ததில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் 1931-இல் கழுத்தை நெரித்தது பணச் சுருக்கம். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

இன்னொருவர் டானாட்டின் தலைவர் யாக்கோப் கோல்ட்ஷ்மிட்டின் மதத்தை இழுத்து, "எல்லாம் அவர்கள் வேலை" என்று எழுதியிருந்தார். கோல்ட்ஷ்மிட் யூதர். அவர் மிதமிஞ்சித் துணிந்தார், தவறும் செய்தார். ஆனால் கணக்கைப் பொய்யாக எழுதியவர்கள் நோர்ட்வோல்லேயை நடத்திய லாகூசன் சகோதரர்கள். பிரேமனின் பழைய கிறித்தவ வணிகக் குடும்பம். அதற்காகத் தண்டனையும் பெற்றார்கள். டிரெஸ்ட்னர் வங்கியும் அதே வாரத்தில் முறிந்து அரசுப் பணத்தில்தான் பிழைத்தது. பழி மட்டும் ஒருவர் பிறப்பின் மேல் விழுந்தது. நாஜிகள் அதைத் தெருத்தெருவாகச் சொன்னார்கள். 1933-இல் அவர் நாட்டை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. அதே வரியை 2 நிமிடத்தில் தட்டிவிட்டு "வரலாறுதானே சார்" என்கிறார்கள். மனம் கொதிக்கிறது. அந்தக் கருத்தை நீக்கிவிட்டேன். மறுபடி எழுதினால் ஆளையும் நீக்குவேன்.