நம்மட வட்டை மண்ணிடம் கேட்காத கேள்வி

மண் பரிசோதனை என்றால் நம்ம பக்கத்தில் மூன்று கேள்விதான் கேட்கிறோம். புளிப்பு எவ்வளவு, உவர் ஏறியிருக்கிறதா, யூரியா எத்தனை அந்தர் போட வேணும். மூன்றும் தேவையான கேள்விகள். ஆனால் மட்டக்களப்பின் படுவான்கரை வட்டைகளிலும் (வயல்வெளிகளிலும்) அம்பாறைப் பக்கத்து வயல்களிலும் வாழும் பக்டீரியாக்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. இதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான் என்பது என் உறுதியான கருத்து.

எரிபந்தம் விழுந்து கதிரின் கழுத்து கறுத்துப்போன வெள்ளாமையைப் பார்த்தவர்களுக்கு முதலில் ஒன்று சொல்கிறேன். அந்த நோய்க்கு எதிரான மருந்துகளில் ஒன்று மண்ணிலிருந்தே வந்தது. 1965 இல் ஹமாவோ உமேசாவாவின் குழு, ஜப்பானின் நாரா நகரிலுள்ள கசுகா ஆலயத்து மண்ணில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைப் பக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்தது. அது உண்டாக்கும் பொருள்தான் கசுகமைசின். காசநோயை வென்ற ஸ்ட்ரெப்டோமைசினும் இதே ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகையின் பொருள்தான். 1943 இல் அல்பர்ட் ஷாட்ஸ் அதைக் கண்டுபிடித்தார். முதல் மழைக்கு எழும்பும் மண்வாசத்துக்குக் காரணமான ஜியோஸ்மினையும் பெரும்பாலும் இந்தப் பக்டீரியாக்களே உண்டாக்குகின்றன.

இவை எப்படி இந்தப் பொருட்களைச் செய்கின்றன என்பதுதான் என்னை வியக்க வைக்கிற பகுதி. ஒரு பொருளைச் செய்யத் தேவையான ஜீன்கள் டி.என்.ஏ.யில் அங்குமிங்கும் சிதறிக் கிடப்பதில்லை. பெரும்பாலும் ஒரே இடத்தில், பக்கத்துப் பக்கத்தில் கூட்டமாக இருக்கும். மண் பக்டீரியா ஒன்று செய்யும் எரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக்கை எடுங்கள். அதன் அடிப்படைச் சங்கிலியைக் கட்டுவது மூன்று மிகப் பெரிய புரதங்கள். அவற்றுக்குள் ஆறு நிலையங்கள். அறுவடை முடிந்து நெல்மூடையைக் கையிலிருந்து கைக்கு மாற்றுவதுபோல், ஒவ்வொரு நிலையமும் தன் பங்குக்கு ஒரு சிறு துண்டை ஒட்டி, வளரும் சங்கிலியை அடுத்த நிலையத்திடம் கொடுக்கும். கடைசியில் சங்கிலி வளைந்து 14 அணுக்கள் கொண்ட வளையமாகிறது. பிறகு வேறு நொதியங்கள் அதன்மேல் இரண்டு வெல்லங்களை இணைக்கின்றன. நிலையங்கள் எந்த ஒழுங்கில் வேலை செய்கின்றனவோ அதே ஒழுங்கில்தான் அவற்றின் ஜீன்களும் டி.என்.ஏ.யில் வரிசையாக இருக்கின்றன. 1990, 1991 இல் வெளியான ஆய்வுகள் இதைக் காட்டின. ஜீனை வாசித்தாலே, அது செய்யப்போகும் பொருளின் உருவத்தைப் பெருமளவுக்கு ஊகிக்கலாம் என்ற நிலை அங்கேதான் தொடங்கியது.

அதே கூட்டத்துக்குள் இன்னொரு ஜீனும் இருக்கிறது. பக்டீரியா தன் மருந்தால் தானே சாகாமல் காப்பாற்றிக்கொள்ளும் ஜீன் அது. அதன் உறவுக்கார ஜீன்கள் இப்போது நோய்க்கிருமிகளிடமும் இருக்கின்றன. தடிமனுக்கெல்லாம் அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்கும் பழக்கம், அந்த ஜீன்களை வைத்திருக்கும் கிருமிகளை வாழவைத்து மற்றவற்றைக் கொல்கிறது. இதைத் தயவுசெய்து வீட்டில் சொல்லுங்கள்.

எரித்ரோமைசினுக்கு ஒரு கசப்பான வரலாறும் உண்டு. 1949 இல் பிலிப்பைன்ஸின் இலோயிலோ பகுதி மண்ணை, அபெலார்டோ அகிலார் என்ற மருத்துவர் தான் வேலை பார்த்த அமெரிக்கக் கம்பனிக்கு அனுப்பினார். அதில்தான் இந்த மருந்து கிடைத்தது. ஐலோட்டைசின் என்று அந்த ஊரை நினைவூட்டும் பேரும் வைத்தார்கள். அவர் கேட்ட உரிமைப் பங்கு மட்டும் கிடைக்கவில்லை.

நம்மட மண்ணில் புதிதாக என்ன இருக்கப்போகிறது என்று கேட்பவர்கள் 2002 ஐப் பார்க்க வேண்டும். பிரித்தானிய விஞ்ஞானி டேவிட் ஹொப்வூட் பல வருடங்கள் ஆராய்ந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் என்ற பக்டீரியாவின் டி.என்.ஏ. அந்த வருடம் முழுதாக வாசிக்கப்பட்டது. அதுவரை அது செய்வதாக ஒரு சில பொருட்களே தெரிந்திருந்தன. வாசித்தபோது இப்படியான ஜீன் கூட்டங்கள் 20 க்கு மேல் இருந்தன. உலகமே பார்த்துப் பழகிய பக்டீரியாவிலேயே இந்த நிலை. பல கூட்டங்கள் ஆய்வுகூடத்தில் உறங்கிக் கிடக்கின்றன, ஏனென்றால் பசி, போட்டி, பக்கத்து உயிர்களின் சைகை எதுவும் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் இல்லை. ஊட்டம் குறைந்த இடத்தில், கைற்றின் சிதையும்போது வரும் வெல்லம்கூட சில மருந்து ஜீன்களை எழுப்பும் சைகையாகிறது. இறால் கோதிலும் நண்டு ஓட்டிலும் இருப்பது அந்தக் கைற்றின்தான். கைற்றின் சேர்த்த வளர்ப்பூடகத்தில் இந்தப் பக்டீரியாக்களைத் தேர்ந்து வளர்ப்பது பழைய, மலிவான முறை. வாவியோரத்தில் கோதுக்கா பஞ்சம்?

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இந்த இரண்டு மாவட்டங்களின் மண் பக்டீரியாக்களுக்கு ஒரு பொதுச் சேமிப்பகம் வைக்க வேண்டும். நெல்வயல், மேட்டுச் சேனை, உவர் நிலம், கண்ணாக்காட்டு (அலையாத்திக் காட்டு) சேறு எல்லாவற்றிலிருந்தும் எடுக்க வேண்டும். கண்ணா வெட்டிப் போகிற வேகத்தைப் பார்த்தால் சேற்றிலிருந்துதான் முதலில் தொடங்க வேண்டும் என்பேன். கிளிசரோலில் உறையவைத்த வித்திகள் பல வருடம் தாங்கும். மருந்து நாளைக்கே வராது. வருவதற்கு எத்தனையோ வருடமும் பெரும் பணமும் வேண்டும். சேமிப்பகத்துக்கு அவ்வளவு வேண்டியதில்லை.

அவசரப்படுவதற்கு எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இப்போது மண்ணைக் கப்பலேற்றத் தேவையில்லை. ஜீன் வரிசையை ஒரு கோப்பாக அனுப்பிவிடலாம். இப்படியான தகவலால் இலாபம் பார்க்கும் கம்பனிகள் பங்கு செலுத்த ஒரு நிதியம் வைப்பதென்று 2024 இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய உயிர்ப்பல்வகைமை மாநாட்டில் முடிவானது. ஆனால் செலுத்துவது கட்டாயமில்லை. ஆகவே நம்மட பிள்ளைகள் வரிசையைப் பதிவேற்றும் ஒவ்வொரு முறையும், எந்த ஊர், எந்த வட்டை, யாருடைய வயல், அவர் சம்மதம் தந்தாரா என்பதைச் சேமிப்பகத்துப் பதிவேட்டில் முதலே எழுதி வைக்க வேண்டும். வயற்காரருக்கும் அதில் ஒரு பிரதி கொடுக்க வேண்டும்.