ரேஷியோவுக்கு ஆள், சம்பளத்துக்கு மாணவி

"நீ அப்ரெண்டிஸ்தானே, கத்துக்கத்தானே வந்திருக்கே." இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. லண்டனில் ஒரு குழந்தைகள் நர்சரியில் லெவல் 3 அப்ரெண்டிஸாக, அதாவது வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஆளாக, இருக்கிறேன். சம்பளம், லீவு, டீ பிரேக் என்று நான் வாயைத் திறந்தால் உடனே இந்த வசனம் வந்துவிடும். ஆனால் காலை எட்டு மணிக்கு இரண்டு பேர் போன் பண்ணி உடம்பு சரியில்லை என்று சொல்லி, மேனேஜர் ரோட்டாவை, அதாவது யாருக்கு எப்போது எந்த வேலை என்ற பட்டியலை, கையில் வைத்துக்கொண்டு விழிக்கும்போது பாருங்கள், ஒருத்தர் வாயிலும் அப்ரெண்டிஸ் என்ற சொல் வராது. அப்போது நான் டீமின் தூண், என்னை நம்பித்தான் கட்டிடமே நிற்கிறது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இங்கே அப்ரெண்டிஸுக்குச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி 2026 ஏப்ரல் முதல் மணிக்கு 8 பவுண்டு. அதற்கு முந்தைய வருஷம் 7.55. அதே ஏப்ரல் முதல் 21 வயது நிரம்பிய மற்றவர்களுக்கு 12.71. எனக்கு முப்பத்தைந்து வயது. 19 வயதைத் தாண்டியவருக்கும் அப்ரெண்டிஸ்ஷிப்பின் முதல் வருஷம் முழுக்க இந்த 8 பவுண்டைக் கொடுத்தால் போதும் என்று சட்டம் இடம் கொடுக்கிறது, அதனால் நர்சரியும் கொடுக்கிறது, ஒரு பென்னி கூடுதலும் இல்லாமல் அச்சு அசல் 8 பவுண்டு. பக்கத்தில் இருபத்திரண்டு வயதில் ஒரு பெண், நல்ல பெண், அவளுக்கு 12.71. அதே நாப்பி, அதே ஹை சேர், அதே அழுகை. வாரம் நாற்பது மணி நேரத்துக்கு அவளுக்கும் எனக்கும் 188 பவுண்டு வித்தியாசம். லண்டனில் 188 பவுண்டு என்றால் என்ன என்று இங்கே வாடகைக்கு இருக்கிறவர்களைக் கேளுங்கள்.

சரி, படிக்கிற ஆள், குறைவாகத்தான் கொடுப்பார்கள் என்று ஒத்துக்கொள்கிறேன் என்றே வையுங்கள். அப்படியானால் படிக்கிற ஆளாக நடத்து. அங்கேதான் ரேஷியோ என்ற சங்கதி வருகிறது, எத்தனை குழந்தைக்கு எத்தனை ஊழியர் என்ற கணக்கு.

இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குக் கீழே உள்ள மூன்று குழந்தைகளுக்கு ஒரு ஆள் வேண்டும். இரண்டு வயதுக் குழந்தைகள் என்றால் ஐந்து பேருக்கு ஒருவர். 2023 செப்டம்பர் வரை நான்கு பேருக்கு ஒருவர் என்றிருந்ததை, செலவு குறையும் என்று சொல்லி ஐந்தாக்கினார்கள். இரண்டு வயதுப் பிள்ளைகள் ஐந்து பேரை ஒரே நேரத்தில் கோட் மாட்டி, ஷூ போட்டு, ஒருத்தன் மற்றவன் காதைக் கடிக்காமல் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்ப் பார்க்காத யாரோதான் அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அது கிடக்கட்டும். விதிப்படி, அப்ரெண்டிஸ் 16 வயது நிரம்பியவராக, பொறுப்பானவர், திறமையானவர் என்று நர்சரி நம்பினால், படிக்கிற லெவலுக்கு ஒரு படி கீழே வைத்து ரேஷியோவில் சேர்த்துக்கொள்ளலாம். அதாவது லெவல் 3 படிக்கும் நான் கணக்கில் லெவல் 2 ஊழியர். 2025 செப்டம்பரிலிருந்து குழந்தைகளுக்கான முதலுதவிச் சான்றிதழ் இல்லாமல் அப்ரெண்டிஸைக் கணக்கில் சேர்க்க முடியாது. அதனால்தான் சேர்ந்த சூட்டோடு என்னை முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மற்ற எந்தப் பயிற்சிக்கும் இந்த வேகம் இல்லை. சான்றிதழ் வந்த மறுநாள் காலை ரோட்டாவில் என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த 'கூடுதல்' என்ற குறிப்பு காணாமல் போயிருந்தது. குழந்தைக்குத் தொண்டையில் திராட்சை சிக்கினால் உயிரைக் காப்பாற்றும் அளவுக்குப் பொறுப்பான ஆள் நான், ஆனால் 12.71 வாங்கும் அளவுக்குப் பொறுப்பு இன்னும் வரவில்லை!

பேபி ரூமின் மதிய வேளையைச் சொல்கிறேன். ஆறு குழந்தைகள், ரூம் லீடரும் நானும். பன்னிரண்டரைக்கு அவர் சாப்பிடப் போவார். அவருக்குப் பதிலாக 'கவர்' வரவேண்டும். வரும், வரும், வந்துகொண்டே இருக்கும். மேனேஜரைக் கேட்டால், "நான் ஆபீஸில்தானே இருக்கேன், என்னையும் சேர்த்துக் கணக்கு வச்சுக்கோ" என்பார். ஆபீஸில் இருக்கும் மேனேஜரின் கை நீண்டு வந்து பேபி ரூமில் நாப்பி மாற்றுமா? மூன்று குழந்தைகள் கட்டிலில் தூக்கம். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பக்கத்தில் போய் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்து ஷீட்டில் கையெழுத்து வைக்க வேண்டும், இதில் மட்டும் சமரசமே கிடையாது, இருக்கவும் கூடாது. நான்காவது குழந்தை ஹை சேரில் உட்கார்ந்து சர்க்கரைவள்ளிக்கிழங்கு மசியலைத் தலையில் தேய்த்துக்கொண்டிருக்கிறான். ஐந்தாவது, இப்போதுதான் சேர்ந்த குட்டி, கீழே இறக்கினால் வீல் என்று கத்துவாள், அதனால் இடுப்பில். ஆறாவது குழந்தை குடித்த பால் முழுவதையும் தன் மேலும் கார்ப்பெட் மேலும் கக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். இந்த நேரம் பார்த்து டேப்லெட்டில் டிங் என்று ஒரு மெசேஜ். டெபுட்டி மேனேஜர் அனுப்பியது. "லஞ்ச் போட்டோ இன்னும் ஆப்பில் ஏறலையே, பேரண்ட்ஸ் கேக்குறாங்க."

போட்டோ! எந்தக் கையால் எடுப்பது?

அப்புறம் படிப்பு. இந்த அப்ரெண்டிஸ்ஷிப்பின் ஆதாரமே வேலையை விட்டு விலகி உட்கார்ந்து படிக்கும் நேரம்தான். அது சம்பளத்தோடு கூடிய வேலை நேரத்துக்குள்ளேயே வரவேண்டும் என்பது விதி. பயிற்சிக் கட்டணத்திலும் நர்சரிக்குப் பெரிய பாரம் ஒன்றும் இல்லை. இந்த மாதிரிச் சின்ன நிறுவனம் என் வயது ஆளை எடுத்தால் அரசாங்கம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கொடுக்கும், நர்சரி போடுவது ஐந்துதான். ஆக மலிவான ஆளும் கிடைத்தாச்சு, படிப்புச் செலவையும் அரசாங்கம் பார்த்துக்கொண்டாச்சு. எனக்கு மிச்சம் என்ன? ரோட்டாவில் வியாழன் மதியம் 'ஸ்டடி' என்று பச்சைக் கலரில் அடித்திருக்கும். வியாழன் மதியம் நான் டாட்லர் ரூமில் பெயின்ட் பிரஷ் கழுவிக்கொண்டிருப்பேன். யாராவது லீவு, யாராவது டாக்டர் அப்பாயின்ட்மென்ட், இல்லையென்றால் சமையல்காரர் வரவில்லை. ஒரு தடவை ஸ்டாஃப் ரூமில் லேப்டாப்பைத் திறந்து குழந்தைகளின் பேச்சு வளர்ச்சி பற்றி இரண்டு பாரா எழுதியிருப்பேன், கதவு திறந்தது, "ஸாரி டார்லிங், ஃபைவ் மினிட்ஸ்" என்றது ஒரு தலை. அந்த ஐந்து நிமிஷம் ஆறு மணிக்கு முடிந்தது. படிப்புக்காக எழுதிச் சேர்க்க வேண்டிய போர்ட்ஃபோலியோ எல்லாம் வீட்டில்தான், ராத்திரி பாத்திரம் தேய்த்து முடித்த பிறகு, கண் சொருகச் சொருக.

என் படிப்பைக் கண்காணித்து மதிப்பிடும் அசெஸரிடம் சொல்லலாமே என்பீர்கள். அவர் வீடியோ காலில் வருவார். பாவம், அவருக்கும் தலைக்கு மேல் பசங்க. படிப்பு நேரம் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று கேட்பார். கேட்கும்போது மேனேஜர் என் பக்கத்து நாற்காலியில், கையில் காபியோடு. என்ன பதில் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள்? அப்புறம் ஒரு ஃபார்மில் மூன்று பேரும் கையெழுத்துப் போடுவோம். நடக்காத வியாழன்கள் எல்லாம் அதில் ஜோராக நடந்திருக்கும்.

என்னை இன்னொரு வேலைக்கும் இலவசமாக வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய, சாயங்காலம் குழந்தையைக் கூப்பிட வருவது பாதிக்குப் பாதி அம்மம்மாவும் அப்பம்மாவும்தான். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் கதவடியில் நின்று, "பிள்ளை, இவள் இண்டைக்குச் சாப்பிட்டவளோ?" என்று கேட்கும்போது பதில் சொல்வதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, சந்தோஷம்தான். ஆனால் ஒவ்வாமைப் படிவம், ஆக்ஸிடென்ட் ஃபார்ம், அந்தக் குழந்தையின் பேச்சு பற்றிய கூட்டம் என்று சகலத்துக்கும் பக்கத்து ரூமிலிருந்து என்னை இழுத்துவந்து மொழிபெயர்க்க வைப்பார்கள். வெளியிலிருந்து ஆள் கூப்பிட்டால் மணிக்கணக்கில் காசு கொடுக்க வேண்டுமே. அதே ஆட்கள், குழந்தைகளைக் கவனித்து நான் எழுதும் அப்சர்வேஷன் குறிப்பில் a, the என்று ஒரு ஆர்ட்டிகிள் விட்டுப்போனால் சிவப்பில் வட்டம் போட்டு, "உன் இங்கிலீஷைக் கொஞ்சம் பார்த்துக்கோ" என்பார்கள். நோட்டீஸ் போர்டில் வணக்கம் என்று தமிழில் எழுதி ஒட்டியிருப்பது வேறு. பன்முகத்தன்மையாம்.

நர்சரிகளைச் சோதிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் இன்ஸ்பெக்டர் வரும் கூத்தையும் சொல்லிவிட வேண்டும். சாதாரண சோதனை என்றால் முந்தைய வேலை நாள்தான் போன் வரும். போன் வந்ததிலிருந்து ஆபீஸ் கதவு திறந்தே இருக்கும். ஏப்ரன் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து மேனேஜர் மாவு பிசைவார், குழந்தைகள் இது யார் புதுசாக என்று அவரையே பார்ப்பார்கள். ஏஜென்சியிலிருந்து இரண்டு பேர் வருவார்கள். ஒரே ஒரு நாள் ரேஷியோ முறையாக இருக்கும், நான் ஒன்றரை மணிக்கு உட்கார்ந்து, சூடாக, முழுசாகச் சாப்பிடுவேன். இன்ஸ்பெக்டர் வாரா வாரம் வரக்கூடாதா என்று தோன்றும்.

நோய் வேறு. ராத்திரி காய்ச்சல் அடித்த பிள்ளைக்குக் காலையில் கால்பால் என்ற காய்ச்சல் மருந்தை ஊற்றி, எட்டு மணிக்கு "நல்லாத்தான் இருக்கா" என்று ஒப்படைத்துவிட்டு ரயில் பிடித்துவிடுவார்கள். பதினொன்றரைக்கு மருந்து இறங்கும், குழந்தை கொதிக்கும். வாந்தி பேதி என்றால் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை வரக்கூடாது என்று வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறோம், யார் படிக்கிறார்கள்? கை, கால், வாய்ப் புண் நோய் எனக்கே வந்தது. 2026 ஏப்ரலுக்கு முன்னால் உடம்பு முடியாமல் படுத்தால் முதல் மூன்று நாளுக்குச் சட்டப்படி ஒரு காசும் கிடையாது. இப்போது முதல் நாளிலிருந்தே உண்டு, ஆனால் 8 பவுண்டு சம்பளத்தில் அதற்கும் கீழே இறங்கினால் எதை வைத்துச் சமாளிப்பது? ஆகவே மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டே போவோம், அது அடுத்த குழந்தைக்கு ஒட்டும், அந்தக் குழந்தையின் அம்மா லீவு போடுவார்.

பெற்றோரை ரொம்பத் திட்டவும் மனசு வரவில்லை, அவர்களும் பாதிச் சம்பளத்தை இங்கேதான் கொட்டிக்கொண்டிருந்தார்கள். 2025 செப்டம்பரிலிருந்து வேலைக்குப் போகும் பெற்றோரின் ஒன்பது மாதக் குழந்தைக்குக்கூட, வருஷத்தில் 38 வாரத்துக்கு, வாரம் 30 மணி நேரம் அரசாங்கச் செலவு. நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் குழந்தைகளைச் சேர்க்க அரசாங்கம் வழி பண்ணிய வேகத்தில் அவர்களைத் தூக்க ஆள் எங்கிருந்து வரும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆள் கிடைக்காத இடத்தில் எல்லாம் எங்களை வைத்து ஒட்டுப் போடுகிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் தக்காளி அடுக்கினால் இதைவிட அதிகம் கிடைக்கும், தக்காளி கடிக்கவும் செய்யாது.

ஊரிலிருந்து அத்தை போன் பண்ணி, "லண்டன் போயி ஆயா வேலையா பாக்குறே?" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிப்பதையே விட்டுவிட்டேன். ஆயா வேலை கேவலம் இல்லை அத்தை, கொடுக்கிற கூலிதான் கேவலம்.

இப்போது என் கோபத்தின் உச்சிக்கு வருகிறேன். யூனிஃபார்ம் டீஷர்ட்டுக்கு முதல் மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். மாதம் ஒருமுறை மாலை ஆறேகாலுக்கு ஸ்டாஃப் மீட்டிங், கட்டாயம் வரவேண்டும், சம்பளம் கிடையாது, பிஸ்கட் உண்டு. பெற்றோர் ஆறு மணிக்குப் பதில் ஆறு இருபதுக்கு வந்தால் நர்சரி அவர்களிடம் தாமதக் கட்டணம் வசூலிக்கும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் எனக்கு அதில் நயா பைசா வராது. இதெல்லாம் சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் சம்பளமே சட்டம் சொல்லும் கடைசிப் படியில் இருக்கும்போது, கூலி இல்லாமல் வாங்கும் ஒவ்வொரு அரை மணியும், டீஷர்ட்டுக்குப் பிடிக்கும் ஒவ்வொரு பவுண்டும் என்னை அந்தப் படிக்கும் கீழே தள்ளுகிறது. அது சட்டப்படி தப்பு. பெருந்தன்மை, டீம் ஸ்பிரிட் என்று சொல்லி மூடி மறைக்க முடியாது. வேலை உரிமை பற்றி ஆலோசனை சொல்லும் ஏகாஸ் (Acas) அமைப்பின் இலவச ஆலோசனை எண்ணுக்குப் போன் போட்டால் பணிவாக விளக்கிச் சொல்கிறார்கள். இதைப் படிக்கிற மற்ற அப்ரெண்டிஸ் பிள்ளைகள் யாராவது இருந்தால், முக்கியமாகப் பதினாறு, பதினேழு வயதில் எதிர்த்துப் பேசப் பயந்துகொண்டு தினமும் பாத்ரூமில் அழுதுவிட்டு வரும் பிள்ளைகள், தயவுசெய்து போன் போடுங்கள். உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், பறிபோன ஸ்டடி மதியம், எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். நர்சரியின் டேப்லெட்டில் வேண்டாம், உங்கள் சொந்த நோட்டில்.

நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். மேனேஜருக்கு ஒரு இமெயிலும் போயிருக்கிறது, இங்கிலீஷை நன்றாகப் பார்த்துக்கொண்டு, ஆர்ட்டிகிள் எல்லாம் ஒழுங்காகப் போட்டு: அடுத்த மீட்டிங்குக்குச் சம்பளம் உண்டா, டீஷர்ட் காசு எப்போது திரும்பும், வியாழன் மதியம் எனக்குப் பதில் ரூமில் யார் இருப்பார்கள் என்று மூன்றே மூன்று கேள்வி. பதில் வரவில்லை. வரும்வரை ஆறு மணி அடித்தால் நான் கோட் மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன், பிஸ்கட்டை அவர்களே சாப்பிடட்டும்.